ஆழம் குறிப்பிடப்படவில்லை

கல்லாம்பாளையத்தில் ஒரு சாலைக் குழியைப் பற்றி யாராவது மனுக் கொடுத்து, அந்த மனுவுக்கு எண் விழுந்துவிட்டால், மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தக் குழி சாலையை விட்டுக் கிளம்பி நகராட்சி அலுவலகத்துக்கு வந்துவிடும். வந்து, தன்னுடைய கோப்பு யார் மேசைமேல் இருக்கிறதோ அவருடைய மேசைக்குக் கீழே படுத்துக்கொள்ளும். கோப்பு அடுத்த மேசைக்குப் போனால் குழியும் எழுந்து பின்னாலேயே போகும். கோப்பில் யார் கையெழுத்துப் போட்டாலும், ஒரு கையெழுத்துக்கு ஒரு விரற்கடை ஆழமும் ஒரு விரற்கடை அகலமும் கூடும். நகராட்சி ஏற்பட்ட நாளிலிருந்து நடைமுறை இதுதான்.

இதனால் கல்லாம்பாளையத்துச் சாலைகள் வழுவழுவென்று இருக்கும். ஒரு டம்ளர் டீயை ஸ்கூட்டரின் முன்தட்டில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்திலிருந்து சந்தைப்பேட்டை வரைக்கும் போகலாம், ஒரு சொட்டு சிந்தாது. வருடத்துக்கு ஒரு முறை தலைநகரிலிருந்து மூன்று பேர் வந்து ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்ல நிர்வாகத்துக்கான கேடயத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் அலுவலகத்துக்குள் வருவதில்லை. முதல் வருடத்துக் கேடயம் ஆணையர் அறையிலிருந்த ஒரு குழிக்குள் விழுந்துவிட்டதால், அதற்குப் பிறகு வந்த கேடயங்களைச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள்.

அலுவலகத்துக்குள் நடப்பதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். வரிப் பிரிவில் குழிகளின் மேல் பலகை போட்டிருந்தார்கள். சுகாதாரப் பிரிவில் பலகையும் உள்ளே போய்விட்டதால் சுவரோரமாக ஒட்டி நடந்தார்கள். பொறியியல் பிரிவைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது, அங்கே ஆட்களைப் பார்த்தே நாளாயிற்று, குரல் மட்டும் வரும்.

இத்தனைக்கும் நடுவில் கண்காணிப்பாளர் சென்னியப்பனின் அறைத் தரை மட்டும் போட்ட நாளில் இருந்தபடியே இருந்தது. வெள்ளையும் பச்சையும் கலந்த மொசைக் தரை. முப்பத்தொரு வருட சர்வீஸில் ஒரு குழிகூட அவரிடம் ஒரு ராத்திரி தங்கியதில்லை. காலையில் வருகிற கோப்பை மாலை ஐந்து மணிக்குள் கிளப்பிவிடுவார். மனுவை அவர் முழுக்கப் படிப்பதில்லை. அதில் என்ன இல்லை என்று மட்டும் பார்ப்பார். தெருவின் பழைய பெயர் இல்லை, அருகில் உள்ள மின்கம்பத்தின் எண் இல்லை, மனுதாரர் எந்தத் திசையிலிருந்து வந்து குழியைப் பார்த்தார் என்ற விவரம் இல்லை. ஏதாவது ஒன்று இல்லாமல் இருக்கத்தான் செய்யும். அதை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, மணியை அடித்தால் அலுவலக உதவியாளர் மாதேஸ்வரன் வந்து கோப்பையும் குழியையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். மற்ற பிரிவுக்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சென்னியப்பனின் அறைக்குத்தான் வருவார்கள். காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட அந்தக் கட்டடத்தில் வேறு தரை கிடையாது. ரசம் சிந்தினால் அவரே துணி எடுத்துத் துடைத்துவிடுவார். அந்தத் தரையின்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

வீட்டிலும் ஆள் அப்படித்தான். மனைவி துளசிமணி எதைக் கேட்டாலும், ரிட்டயர் ஆனப்புறம் பாத்துக்கலாம் என்று அந்த நிமிடமே பதில் சொல்லிவிடுவார். கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று துளசிமணி ஒரு நாளும் குறைசொல்ல முடியாது.

ஜூன் முப்பதாம் தேதி அவர் ஓய்வு பெற வேண்டும். அதற்குக் குழியின்மைச் சான்று வேண்டும். தன் பெயரில் எந்தக் குழியும் நிலுவையில் இல்லை என்று ஆணையர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற காகிதம் அது. அது இல்லாதவர்களுக்கு ஓய்வு கிடையாது. வரிப் பிரிவில் நாச்சிமுத்து என்று ஒருவர் இருந்தார், வயது எழுபத்தெட்டு. அவர் மேசைக்குக் கீழே வேட்டி துவைக்கிற தொட்டி அளவுக்கு ஒரு குழி இருந்தது. அதை யாரும் வாங்கிக்கொள்ளாததால் இருபது வருடமாகத் தினமும் டிபன் பாக்ஸோடு வந்துகொண்டிருந்தார். இப்போது அவருடைய பேரன்தான் அவருக்கு மேலதிகாரி. லீவு வேண்டுமென்றால் பேரனிடம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும், பேரனும் சட்டென்று கொடுத்துவிடுகிற ஆளில்லை.

சென்னியப்பனுக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு சாய்வு நாற்காலிகூட வாங்கி வைத்துவிட்டார். வழியனுப்பு விழாவில் ஆணையர் தன்னுடைய தரையைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார் என்றும் எதிர்பார்த்தார்.

ஜூன் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, பதினொன்றேகால் மணிக்கு மாதேஸ்வரன் கதவைத் தட்டினார்.

"சார், நானூத்திப் பன்னெண்டாம் நம்பர் குழி வந்திருக்காருங்க. உங்களத்தான் பாக்கணுமாமுங்க."

"யாரு அனுப்புனாங்க?"

"தலைநகர்ல இருந்துங்க. ரெண்டு பேரு கூடவே வந்து விட்டுட்டுப் போறாங்க. கதவு நிலையக் கழட்டணுமுங்க சார், உள்ள வரமாட்டாரு."

தலைநகரில் பதினொரு வருடம் இருந்துவிட்டு வந்த குழி என்பதால் மாதேஸ்வரன் மரியாதையாகத்தான் பேசினார். தச்சர் வந்து நிலையைக் கழற்றினார். லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்வதுபோல மாதேஸ்வரன் கையைக் காட்டி, வாங்க, வாங்க, கொஞ்சம் சாஞ்சாப்புல வாங்க, போதும் என்று சொல்லிக் குழியை உள்ளே அழைத்தார். குழி உள்ளே வந்து அறையின் நடுவில் படுத்தது. படுத்த பிறகு அறையில் நடு மட்டும்தான் இருந்தது. மேசையை ஜன்னலோரமாக இழுத்துப்போட்டு, நாற்காலியின் நான்கு கால்களில் மூன்றைத் தரையில் ஊன்றி, சென்னியப்பன் உட்கார்ந்தார். வெள்ளையும் பச்சையுமான தரையில் அவர் செருப்பைக் கழற்றி வைக்க மட்டும் இடம் மிச்சமிருந்தது.

கோப்பு நாலு கட்டாக இருந்தது. மேலே கடைசியாக எழுதப்பட்டிருந்த குறிப்பு சுருக்கமானது. தொடக்க நிலையில் கோரப்பட்ட விவரம் இதுநாள்வரை பெறப்படாததால், விவரத்தைக் கோரியவருக்கே கோப்பு திருப்பப்படுகிறது. கோரியவர் யார் என்று பார்ப்பதற்காக அவர் பின்னாலிருந்து புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் மணிமணியான எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'மனுவில் குழியின் ஆழம் குறிப்பிடப்படவில்லை. விவரம் தேவை.' அதன் கீழே, வால் சுழித்து இரண்டு புள்ளி வைத்த ஒரு கையெழுத்து. அவருடையதுதான். அந்தப் புள்ளிகளை அவர் பிற்பாடு நேரமில்லாமல் விட்டுவிட்டார்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் எழுதியது அது. குறை கண்டுபிடிக்க மற்றவர்களுக்கு மூன்று நாள் ஆகிற இடத்தில் அவர் நான்கே நிமிடத்தில் கண்டுபிடித்தார் என்று அன்றைய கண்காணிப்பாளர் தோளில் தட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அவர் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதுகூட இப்போது ஞாபகத்துக்கு வந்தது.

அனுபவசாலி என்பதால் அவர் பதறவில்லை. அன்றைக்கே, தேங்கிய நீரில் கொசு உற்பத்தியாக வாய்ப்புள்ளது என்று எழுதிச் சுகாதாரத் துறைக்கு அனுப்பினார். புதன்கிழமை குழி திரும்பி வந்தது. நீரின் ஆழம் தெரிந்தால்தான் மருந்தின் அளவைச் சொல்ல முடியும் என்று எழுதியிருந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேற்பட்டது என்ற அடிப்படையில் தொல்லியல் துறைக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, எத்தனை அடி ஆழத்தில் எத்தனை வருடம் என்று கேட்டு. மீன்வளத் துறைக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேசையின் ஒரு கால் உள்ளே இறங்கிவிட்டது. போன இடத்தில் எல்லாம் கையெழுத்து விழுந்திருந்ததால் செருப்பு வைக்கவும் இடமில்லாமல் போயிற்று. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். நாட்டில் ஒரு துறை பாக்கியில்லாமல் எல்லாரும் அவருடைய அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். எழுதியபோது அது அவ்வளவு நல்ல வரியாகத்தான் இருந்தது.

மற்ற பிரிவுக்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வழக்கம்போல வந்தார்கள். ஏ.சி. அறைகளிலேயே இருந்து வந்த குழி என்பதால் உள்ளேயிருந்து குளுகுளுவென்று காற்று வந்தது. விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். நாச்சிமுத்து தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டி, இருபது வருசம் ஓடுறதே தெரியாதுங்க, டிபன் பாக்ஸ் மட்டும் நல்லதா வாங்கிக்குங்க என்றார். அன்று சென்னியப்பனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். அன்று பவுனம்மாள் வந்தார்.

பவுனம்மாளை அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். அறுபத்தாறு வயது, முட்டை வியாபாரம். சைக்கிள் கேரியரில் முட்டைத் தட்டுகளைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறவர். முப்பத்தொரு வருடமாக ஒரு திங்கட்கிழமைகூடத் தவறாமல் வந்து, தன்னுடைய மனு என்ன ஆயிற்று என்று கேட்பார். பரிசீலனையில் இருப்பதாகச் சொல்வார்கள். சரிங்க என்று சொல்லிவிட்டு, வராந்தா பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். பெஞ்சில் அவர் உட்காருகிற இடத்தில் மரம் குழிந்திருந்தது. அதைப் பற்றி யாரும் மனுக் கொடுக்காததால் அது அங்கேயே இருந்தது. இந்த வாரம், கோப்பு வந்துவிட்டது என்று சொல்லி அவரைச் சென்னியப்பனின் அறைக்கு அனுப்பியிருந்தார்கள்.

அவர் குழிக்கு அந்தக் கரையில் நின்றார். சென்னியப்பன் இந்தக் கரையில் இருந்தார். நடுவில் குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது.

சென்னியப்பனுக்கு ஒரு யோசனை தோன்றியது. விவரம் தர வேண்டியவர் மனுதாரர்தானே. அவரிடமே கேட்டுவிட்டால் ஆயிற்று. அன்று குழி எவ்வளவு ஆழம் இருந்தது என்று கேட்டார்.

"முட்டை ஒடஞ்சதப் பாத்துட்டு இருந்தேனுங்க சார். ஆழத்தப் பாக்குல."

"ஒரு உத்தேசமாச் சொன்னாக்கூடப் போதுமுங்க."

"பொய் சொல்லி என்ன ஆகப்போகுதுங்க" என்றார் பவுனம்மாள். பிறகு, அடுத்த திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே அளந்துதான் பார்க்க வேண்டும் என்று ஆயிற்று. அதுவரை அந்த அலுவலகத்தில் யாரும் ஒரு குழியை அளந்து பார்த்ததில்லை. எங்கே கிடைக்கும் என்று தேடி, டேப்பும் கயிறும் வாங்கவே ஒரு வாரம் போயிற்று. அதற்குள் இன்னொரு திங்கட்கிழமை வந்து, பவுனம்மாளும் வந்துவிட்டுப் போயிருந்தார். டேப் எட்டவில்லை. தீயணைப்பு நிலையத்திலிருந்து வாங்கிய கயிறும் எட்டவில்லை. பதினேழாம் தேதி காலை, இரண்டு ஏணிகளைச் சேர்த்துக் கட்டி, கிடைத்த கயிறுகளையெல்லாம் முடிந்து நீட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு, சட்டைப் பையில் டார்ச்சும் மடித்த மனுவுமாகச் சென்னியப்பன் தாமே இறங்கினார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேலே மாதேஸ்வரன் நின்றார்.

குழியின் சுவர் முழுக்க அடுக்கடுக்காக இருந்தது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு விரற்கடை, ஏணி முடிந்த பிறகு அதுவே படி. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு கையெழுத்து. மேலே பச்சை மை, தலைநகரத்து அதிகாரிகள். கொஞ்சம் கீழே, மை கிடைக்காத ஒரு வருடத்தில் பென்சிலால் போட்டவை. அதற்கும் கீழே கட்டைவிரல் ரேகைகூட ஒன்று இருந்தது. வழியில் திட்டுகளில் ஏகப்பட்ட சாமான்கள் தங்கியிருந்தன. குடைகள், டிபன் பாக்ஸுகள், ஒரு முன்னாள் ஆணையரின் சைக்கிள், முதல் வருடத்துக் கேடயம். அந்தக் கேடயம் வேறொரு குழியில் விழுந்தது. குழிகள் கீழே ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையில் இருக்கும்போல. சென்னியப்பன் கேடயத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மேற்கொண்டு இறங்கினார்.

பச்சை தீர்ந்து, சிவப்பு தீர்ந்து, நீலம் வந்தது. பத்து வருடம், இருபது வருடம் என்று இறங்கிக்கொண்டே போனார். கடைசியில் வால் சுழித்து இரண்டு புள்ளி வைத்த அடுக்கு வந்தது. அதற்குக் கீழே கையெழுத்து எதுவும் இல்லை. கருப்புத் தார்ச்சாலைதான் இருந்தது, அதில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் முட்டை ஓட்டுத் துண்டுகள் வெள்ளையாகக் கிடந்தன.

சென்னியப்பன் குந்தி உட்கார்ந்து, கையை விரித்து வைத்துப் பார்த்தார். ஒரு சாண். ஒரு கூடை ஜல்லி போட்டுத் திமிசுக் கட்டையால் பத்துக் குத்துக் குத்தியிருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். அந்த வருடம் அலுவலக வாசலிலேயே ஒரு லோடு ஜல்லி கொட்டிக் கிடந்ததும் அவருக்கு நினைவு வந்தது. மழைக்கு ஒதுங்கிய ஆடுகள் அதன்மேல் நின்றுகொண்டிருக்கும்.

அவசரம் ஒன்றும் இல்லாததால், அங்கேயே உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் மனுவை முதல்முறையாக முழுக்கப் படித்தார். மொத்தம் நாலு வரி. மேட்டுத் தெருவில் உள்ள குழியில் சைக்கிள் இறங்கித் தன்னுடைய முப்பது முட்டைகள் உடைந்துவிட்டன என்று பவுனம்மாள் எழுதியிருந்தார். குழியை மூட வேண்டும் என்று அதில் இல்லை. முட்டைக்கு நஷ்ட ஈடு கேட்கவும் இல்லை. கடைசி வரி ஒரு கேள்வி. இதற்கு யார் பொறுப்பு என்று தெரிவிக்கவும்.

சென்னியப்பனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த இடத்தில் வேறு யாரும் இல்லாததால் நன்றாகவே வெட்கப்பட்டார். பிறகு கயிற்றை இரண்டு முறை இழுத்தார்.

மேலே வந்ததும், ஆழம் ஒரு சாண் என்று கோப்பில் எழுதினார். கையெழுத்துப் போடவில்லை. போட்டால் இன்னும் ஒரு விரற்கடை கூடும், எழுதியதும் தப்பாகிவிடும்.

இருபதாம் தேதி ஆணையர் சுபத்ரா அவரைக் கூப்பிட்டார். நல்ல மாதிரியான அதிகாரி, யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். சென்னியப்பனின் இடத்துக்கு அடுத்த மாதம் ஒருவர் மாற்றலாகி வருகிறார். ஒப்படைப்புப் பட்டியலில் மேசை ஒன்று, நாற்காலி ஒன்று, மின்விசிறி ஒன்று என்று எழுதுகிற இடத்தில், கீழே குழி ஒன்று என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். வருகிறவர் பட்டியலைப் பார்க்காமல்தான் கையெழுத்துப் போடுவார், எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். சான்று அன்றே கிடைத்துவிடும்.

"நானும் அப்படித்தான் ஒப்புக்கிட்டேன் சார்" என்று சொல்லித் தன்னுடைய மேசை விரிப்பைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கீழே ஏழெட்டு இருந்தன.

சென்னியப்பன் பட்டியலை எழுதினார். நல்ல காகிதத்தில், கோடு போட்டு, அழகாக எழுதினார். குழி ஒன்று என்று எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. மற்றபடி பட்டியலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கையெழுத்தை மட்டும் திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று வைத்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சாய்வு நாற்காலியில் சாய்ந்து பார்த்தார். உடம்பு சாயவில்லை. என்ன ஆச்சுங்க என்று துளசிமணி கேட்டதற்கு, ரிட்டயர் ஆனப்புறம் சொல்றேன் என்றார். துளசிமணி ஒரு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

இருபத்து மூன்றாம் தேதி பவுனம்மாள் வந்தபோது சென்னியப்பன் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். பட்டியல் முன்னால் இருந்தது. பவுனம்மாள் அந்தக் கரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க சார், அடுத்த வாரத்தோட நீங்க போறீங்களாமா. அப்பறம் நான் யாரைப் பாக்கறதுங்க?"

புதிதாக ஒருவர் வருகிறார் என்று சென்னியப்பன் சொன்னார்.

"அவருக்கு மொதல்ல இருந்து சொல்லோணும். சரிங்க, சொல்றேன்" என்றார் பவுனம்மாள். "குழி போயிருச்சுன்னு எனக்கும் தெரியுமுங்க. மேட்டுத் தெருவுல தெனமும் போறேன், நல்லாத்தான் இருக்குது. எனக்கு அது யாருன்னு தெரிஞ்சாப் போதும். திங்கக்கெழம ஆனா வியாபாரத்த விட்டுட்டு வரோணும் பாருங்க, அதுதான் ஒரு செரமம்."

சென்னியப்பன் பட்டியலைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். கீழே, ரொம்பக் கீழே, ஒரு சாண் பள்ளமும் முட்டை ஓடும் இருப்பது அவருக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் இந்த அம்மாள் வந்து உட்கார்ந்த பெஞ்ச் அவர் அறையிலிருந்து பத்தடி தூரம்.

"நான்தானுங்க" என்றார்.

பவுனம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க மனு எங்கிட்டத்தான் மொதல்ல வந்துச்சுங்க. அன்னைக்கே மூடியிருக்கலாம். வாசல்ல ஜல்லி கெடந்துச்சு. நான்தான் ஆழம் போடலைன்னு எழுதித் தள்ளிவிட்டேன். வேற யாரும் இல்லீங்க."

சொன்னதைக் கோப்பிலும் எழுதினார். எழுதி, வால் சுழித்து, இரண்டு புள்ளியும் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பவுனம்மாளுக்கு நிம்மதியாக இருந்தது முகத்தில் தெரிந்தது. பிறகு எழுந்துகொண்டார்.

"சரிங்க சார். இத அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா ஒரு திங்கக்கெழமையோட போயிருக்குமுங்க" என்று சொல்லிவிட்டு, ஏற்பு ரசீதில் தன் பெயரை எழுதிக் கொடுத்தார்.

மனுவுக்குப் பதில் கிடைத்துவிட்டதால் குழி ஏறிவரத் தொடங்கியது. தலைநகரத்துப் பச்சை அடுக்குகள் முதலில் கழன்றன, அப்புறம் சிவப்பு, அப்புறம் நீலம். அடுக்கு ஒன்று கழல்கிறபோதெல்லாம் உள்ளே கிடந்த சாமான்கள் மேலே வந்து தரையில் ஒதுங்கின. மாதேஸ்வரன் அவற்றை வராந்தாவில் அடுக்கிவைத்தார். ஆட்கள் வந்து அவரவர் குடையை அடையாளம் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். சைக்கிளுக்குக் காற்றடித்து, முன்னாள் ஆணையருக்குச் சொல்லியனுப்பினார்கள். பொறியியல் பிரிவிலிருந்து இரண்டு பேர் ஏறி வந்து, வருகைப் பதிவேட்டைக் கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு சாண் குழி மட்டும் மிஞ்சியது. சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டி, வாசலில் வேறெதற்கோ கொட்டியிருந்த ஜல்லியில் ஒரு கூடை கொண்டுவந்து கொட்டினார். மாதேஸ்வரன் தண்ணீர் தெளிக்க, அவர் திமிசுக் கட்டையால் குத்தினார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. வெள்ளையும் பச்சையுமான தரையின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கருப்பு ஒட்டு விழுந்துவிட்டது. சென்னியப்பன் அதைச் சுற்றி நடந்து பார்த்தார். தரை முழுசாக இருந்த நாட்களில் வராத சந்தோஷம் அவருக்கு வந்தது.

சான்று உடனே கிடைக்கவில்லை. எந்த விதியின் கீழ் பதில் சொன்னீர்கள் என்று ஆணையர் விளக்கம் கேட்டார். பதில் சொல்லக்கூடாது என்று விதி ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை என்று சென்னியப்பன் எழுதினார். மூன்று பேர் மூன்று நாள் விதிப் புத்தகங்களைப் புரட்டினார்கள். அப்படி எதுவும் இல்லை. யாரும் அதுவரை பதில் சொன்னதில்லை என்பதால் அதைத் தடுக்க ஒரு விதி தேவைப்பட்டிருக்கவில்லை. முப்பதாம் தேதி, அதுவும் ஒரு திங்கட்கிழமை, மாலை நாலு ஐம்பதுக்கு ஆணையர் சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வழியனுப்பு விழா சென்னியப்பனின் அறையிலேயே நடந்தது. ஆணையர் தரையைப் பற்றிப் பேசவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய கண் மட்டும் அந்தக் கருப்பு ஒட்டுக்கு அடிக்கடி போய் வந்தது. நாச்சிமுத்து மாலை போட்டார். போட்டுவிட்டு, பேரனைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே குறைதீர்க்கும் நாளின் வரிசை அன்று ஐந்து மணிக்கும் கலையவில்லை. பவுனம்மாளுக்குப் பதில் கிடைத்த விஷயம் முட்டையோடு முட்டையாகத் தெருத்தெருவாகப் போய்ச் சேர்ந்திருந்தது. வரிசை பேருந்து நிலையம் வரைக்கும் நின்றது. எல்லார் கையிலும் ஒரு காகிதம் இருந்தது. பவுனம்மாள் வரவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அவர் வியாபாரத்துக்குப் போன முதல் திங்கட்கிழமை அது.

சென்னியப்பன் கழுத்தில் மாலையும் கையில் சான்றுமாக ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார். வாசற்படியில் காலை வைத்தவர் அப்படியே நின்றார். கூடத்தில், சுவரோரமாக, பதினோரு சின்னக் குழிகள் வரிசையாகப் படுத்திருந்தன. நடப்பதற்கு நடுவில் வழி விட்டிருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் போட்ட ஒரு மனு, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல் வைத்திருந்தது. சாய்வு நாற்காலியின் பின்கால்கள் நாலாவது குழிக்குள் இருந்தன.

துளசிமணி மாலையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தார். காலையிலேயே போய் வரிசையில் நின்றதாகவும், தொண்ணூற்றாறாவது டோக்கன் என்றும், கூட்டம் அதிகமானதால் இன்றைக்கே அனுப்பிவைத்துவிட்டார்கள் என்றும் சொன்னார்.

சென்னியப்பன் மோரைக் குடித்துவிட்டு முதல் மனுவை எடுத்தார். சமையலறையில் மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்கலாமா என்று இருபத்தேழு வருடத்துக்கு முன்னால், இன்ன தேதியில், இரவுச் சாப்பாட்டின்போது கேட்டதாக எழுதியிருந்தது. பழக்கதோஷத்தில் அவர் மனுவில் என்ன இல்லை என்று பார்த்தார். தெருப் பெயர் இருந்தது. மின்கம்பத்தின் எண் இருந்தது. கடைசியில், கோடு போட்டு, ஆழம் ஒரு சாண் என்றும் எழுதியிருந்தது. மற்ற பத்திலும் பார்த்தார். எல்லாவற்றிலும் ஆழம் குறிப்பிடப்பட்டிருந்தது.

கூடை எங்கே என்று கேட்டார்.

"அஞ்சாவதுல விழுந்துருச்சுங்க" என்றார் துளசிமணி.

சென்னியப்பன் சட்டையைக் கழற்றி மாலைக்குப் பக்கத்தில் மாட்டினார். சான்றை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐந்தாவது குழிக்குள் இறங்கினார்.